ஒரு நூல் அளவு

கையில் இருந்த டோக்கன் நாற்பத்தேழு, ஜன்னலில் நடந்துகொண்டிருந்தது முப்பத்தொன்று, நடுவில் பதினைந்து பேர், ஆளுக்கு நாலு நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இருக்கட்டுமே, அறுபத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு ஒரு மணி நேரம் எம்மாத்திரம், என்று நினைத்துக்கொண்டு செண்பகம் சுவரோரத்து இரும்பு பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். செண்பகம் என்று அந்தக் கருவூலத்தில் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கே என்ன, கோவில்பட்டி முழுக்கத் தேடினாலும் கூப்பிட ஆள் கிடையாது. ஊருக்கு அவள் வெயிலுமுத்து சார், தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர் வாத்தியாராக இருந்தவர், மனைவி போன பிறகு தனியாகப் பொங்கித் தின்கிற ரிட்டயர்டு மனுஷர், வருஷத்துக்கு ஒருதரம் இங்கே வந்து நான் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டுப் போகிற பென்ஷன்காரர்களில் ஒருத்தர். செண்பகம் என்ற பேர் எழுத்தில் இருந்தது ஆஸ்பத்திரிச் சீட்டில். அதை விட்டால் இதோ பைக்குள் நாலாக மடித்துக் கிடக்கிற மனுவில். பென்ஷன் புத்தகத்தில் என் பேரையும், ஆண் என்று இருப்பதையும் மாற்றித் தர வேண்டும் என்று கேட்கிற மனு. போன வருஷமும் கொண்டுவந்தாள், போன வருஷமும் திருப்பிக் கொண்டுபோனாள், மடித்த இடமெல்லாம் இப்போது கிழிகிற பதத்தில் இருக்கிறது. இந்த வருஷம் தனக்குத்தானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முதலில் ரேகை மிஷினில் விரலை வைக்கச் சொல்வார்கள். அது விழாது, ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரு வருஷமும் விழுந்ததில்லை, அரம் பிடித்துத் தேய்ந்த விரல். விழாவிட்டால் முகத்தைப் படம் பிடித்து, பழைய படத்தோடு சேருகிறதா என்று பார்ப்பார்கள். போன வருஷம் சேர்ந்துவிட்டது. இந்த வருஷம் சேராமல் போனால், இது அந்த ஆள் இல்லை என்று மிஷின் சொன்னால், ஜன்னலுக்குள் இருக்கிற பெண் தலையைத் தூக்கி, யாரு நீங்க என்று ஒரு பார்வை பார்த்தால், அந்தப் பார்வை போதும், மனுவை நீட்டிவிடுவாள். ஒரு ஆளுக்காவது சந்தேகம் வர வேண்டாமா? மீசை எடுத்த வெயிலுமுத்துவாகவே போய் நின்றுகொண்டு நான் செண்பகம் என்றால் சிரிக்க மாட்டார்களா? முப்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு போனார்.

இருபத்தாறு மாதம் ஆகிறது உடம்பைப் பெண்ணாக்குகிற மாத்திரை ஆரம்பித்து. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அதோடு பிரஷருக்கு ஒன்று. அளவெடுப்பது அவளுக்குக் கைவந்த வேலை. ஃபிட்டர் டிரேடுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வேலை என்ன கொடுப்பாள், ஒரு இரும்புப் பட்டையை வைஸ் பிடியில் கட்டி, அரத்தைக் கையில் கொடுத்து, மூலைமட்டத்துக்கு நிற்கிற வரை ராவு என்பாள். ஒரு வாரம் ராவுவான், உள்ளங்கை கொப்பளிக்கும், பட்டை அப்படியே இருக்கும். சார் இது தேயவே மாட்டேங்குது சார். தேயும்டா, ஒரு நூலுக்கும் கம்மியாத் தேயும், உன் கண்ணுக்குத் தெரியாது, மட்டத்தை வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. அப்படிச் சொன்ன வாய் இது. இப்போது அந்த வாய்க்கு யார் சொல்வது? முதல் ஆறு மாதத்தில் மார்பில் இரண்டு பக்கமும் பாக்குக் கொட்டை அளவுக்கு ஒரு வலி கட்டியது, சட்டை உரசினால் உயிர் போகும், அந்த வலியை அவள் கொண்டாடிய கொண்டாட்டம் இருக்கிறதே, குப்புறப் படுத்து வேண்டுமென்றே வலிக்க வைத்துச் சிரிப்பாள். பீரோவில் கிடந்த வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துடைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்தாள், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். பதினோராவது மாதத்தோடு அளவு நின்றுவிட்டது. நின்றதென்றால் நின்றதுதான், சுவரில் அடித்த ஆணி மாதிரி. அதற்குப் பிறகும் நோட்டில் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டுதான் வந்தது. எப்படி? வெர்னியரின் வாயை இறுக்காமல் தொட்டும் தொடாமலும் பிடித்தால் கூடத்தானே காட்டும், அழுத்துகிற கைக்குத் தகுந்தபடி அளவு பொய் சொல்லும் என்று வருஷா வருஷம் பையன்களுக்குப் பாடம் நடத்தியவள் தன் நோட்டில் தானே பொய் எழுதினாள், தெரிந்தே எழுதினாள், ஆறு மாதம் எழுதிவிட்டு ஒருநாள் நோட்டைத் தூக்கி அடுப்பில் போட்டாள். வீட்டில் வைஸ் வைத்து அக்கம்பக்கத்துக்குச் சாவியும் கீலும் ராவிக் கொடுத்துக்கொண்டிருந்ததையும் போன தீபாவளியோடு விட்டாயிற்று. கேட்டால் கண் சரியில்லை என்கிறாள். தோள் கொஞ்சமாவது இறங்கட்டும், புஜத்தின் முறுக்கு கரையட்டும் என்றுதான் விட்டாள். முறுக்கு கரைந்தது, தோள் இறங்கவில்லை, எலும்பு எப்படி இறங்கும்? கண்ணாடி முன் நின்றால் மெலிந்துபோன ஒரு கிழவனின் அகலமான தோள்தான் தெரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே தோளை உள்ளுக்கு ஒடுக்கிக்கொண்டாள், யாருக்காக ஒடுக்கினாளோ.

"சார், நீங்க எத்தனையாம் நம்பர்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பேச்சியம்மாள் டீச்சர், கடலையூர் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், எழுபத்தாறு வயசு, கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வருஷா வருஷம் இதே மாசத்தில் இதே பெஞ்சில் பார்க்கிற பழக்கம். நாற்பத்தேழு என்றாள் செண்பகம். "அப்ப எனக்கு அடுத்தாப்புல நீங்கதான். எனக்குப் பயமாக் கிடக்கு சார். போன தடவ அந்த மிஷினு என்னைய யாருன்னே கண்டுக்கிடல. கல்லு மாதிரி நிக்கேன், இல்லேங்குது. இப்ப கண்ணையும் அறுத்து, பல்லையும் புடுங்கியாச்சா, மூஞ்சியே மாறிப் போச்சு. எம் மருமவளே சொல்லுதா, அத்தை பழைய போட்டோவுல இருக்கது நீங்கதானான்னு." செண்பகம் அந்த முகத்தைப் பார்த்தாள், பார்த்ததில் வயிறு எரிந்தது, ஆமாம், பொறாமைதான், வேறு பேர் சொல்லி என்ன ஆகப்போகிறது, வேண்டாம் வேண்டாம் என்கிறவளுக்கு ரெண்டே வருஷத்தில் முகம் மாறிக் கிடக்கிறது. டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் மெலிஞ்சுதான் தெரியுதீக. சுகரா?" இல்லை டீச்சர். "பொறவு? கை காலெல்லாம் வத்திப் போச்சு. கன்னம் மட்டும் உப்புன மாதிரி இருக்கு, ஒரு தைராய்டு பாத்துருங்க. முடி என்ன, திருச்செந்தூருக்கா?" ஆமாம் என்று தலையாட்டினாள். சட்டைக் காலர் தாண்டி வளர்ந்த முடிக்கு ஊர் முழுக்க அதுதான் பதில், நேர்த்திக்கடன், முருகனுக்கு முடி வளர்க்கிறார் சார். முதலில் யாரோ அவர்களாகக் கேட்டார்கள், இவள் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தாள், இப்போது பார்க்கிறவனெல்லாம் எப்ப அண்ணாச்சி மொட்டை, எப்ப அண்ணாச்சி மொட்டை என்கிறான், டீக்கடைக்காரர் வேன் பிடித்து எல்லாருமாகப் போவோம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. "எது எப்படியோ சார்," டீச்சர் தன் தாடையைத் தடவிக் காட்டினார், "இங்க பாருங்க, எனக்கு நாலு முடி முளைச்சிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு எம்பது வயசுல மாரு தொங்கிப் போச்சு. வயசாச்சுன்னா ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணுபோல ஆயிருதோம், என்ன சொல்லுதீக?" என்று பல்லில்லாமல் சிரித்தார். செண்பகமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதானா அப்போ? இருபத்தாறு மாதம் விழுங்கிய மாத்திரை, மதுரைக்கு பஸ்ஸில் போய்வந்த போக்குவரத்து, தாடி முளைக்காமல் இருக்க ஊசியால் ஒவ்வொரு மயிர்க்காலாகச் சுட்ட சூடு, எல்லாம் சேர்ந்து அவளைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், சும்மா இருந்திருந்தாலே முதுமை கொண்டுவந்து விட்டிருக்கும் இடம்தானா? உடம்பு மென்மையானால் வயசு, மெலிந்தால் சுகர், கன்னம் திரண்டால் தைராய்டு. எது வந்தாலும் அதற்கு ஒரு நோயின் பேர் தயாராக இருக்கிறது, அவள் பேரைத் தவிர. முப்பத்தெட்டு வரை வந்துவிட்டது. மின்விசிறி கிறுக்கு கிறுக்கென்று சத்தம் போட்டது, அதன் புஷ் தேய்ந்திருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும், யார் விடப் போகிறார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷி. ஒளிக்காமல் சொன்னார். இருபது வயசுப் பிள்ளைக்கு ரெண்டு வருஷத்தில் வருவது உங்களுக்கு அஞ்சு வருஷம் ஆகலாம், வராமலேயும் போகலாம், ரத்தம் உறையும், நெஞ்சைப் பார்க்கணும், இந்த அளவுக்கு மேல் மருந்தைக் கூட்ட மாட்டேன், எலும்பு மாறாது, குரல் மாறாது, பொறுமையா இருப்பீங்களா? இருப்பேன் டாக்டர் என்றாள், பொறுமை என் தொழில் டாக்டர் என்று பெருமையாகச் சொன்னாள், மடச்சி. அதே நாளில் மருந்து ஆரம்பித்த யாழினி என்கிற சாத்தூர்ப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு. ஆறாம் மாதம் பார்த்தபோது கன்னம், பன்னிரண்டாம் மாதம் பார்த்தபோது இடுப்பு, இருபதாம் மாதம் பார்த்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் செண்பகத்துக்கு அடையாளமே தெரியவில்லை, அந்தப் பிள்ளைதான் ஓடிவந்து, "அம்மா, நான்தாம்மா, பொறுத்துக்கங்கம்மா, வரும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டது. அம்மா. ஒரு வராந்தாவில், ஒரு நிமிஷம், ஒரு பிள்ளை கூப்பிட்டது. பெத்த பிள்ளை ஓசூரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனை நெருக்கமாக வைத்துப் பார்த்தாள் மகள். கண்டுபிடித்துவிட்டாளோ, சொல்லிவிடலாமா, சொல்லிவிடுவோம். "அப்பா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா, வரவர நீங்க அப்படியே தாத்தா மாதிரி ஆயிட்டீங்க. அதே கண்ணு, அதே தாடை." அன்றைக்குச் சாப்பிடவில்லை. செத்துப்போன அப்பா, வாழ்நாளில் ஒருதரம் கூடச் சிரித்து அவள் பார்க்காத அந்த மனுஷர், இத்தனை மாத்திரைக்கும் அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்து அவள் முகத்தில் உட்கார்ந்துகொண்டார் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? பெண்டாட்டி கோமதி இருந்திருந்தால். அவளிடமும் சொன்னதில்லை, முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். ஒருநாள் கோமதி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய ரவிக்கை ஒன்றைச் செண்பகம் போட்டுப் பார்த்ததில் பக்கவாட்டுத் தையல் விட்டுவிட்டது, பதறிப்போய் பீரோவின் அடித்தட்டில் பழைய வேட்டிக்குக் கீழே திணித்து வைத்தாள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ரவிக்கை அதே இடத்தில்தான் இருந்தது. தையல் போட்டிருந்தது, ரெண்டு பக்கமும் துணி கொடுத்துத் தோளுக்குத் தகுந்த மாதிரி அகலப்படுத்தியிருந்தது. கோமதி அடுப்பில் புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே ஆரம்பித்திருக்கலாமே பாவி, முப்பத்தெட்டு வயசு அப்போது, உடம்பு பச்சையாக இருந்த நேரம், இந்த மாத்திரையை அந்த உடம்புக்குக் கொடுத்திருந்தால்! அப்போது பொறுமையாக இருந்தாள். பிள்ளை படிக்கட்டும் என்று பொறுத்தாள், கல்யாணம் ஆகட்டும் என்று பொறுத்தாள், ரிட்டயர் ஆகட்டும், கோமதி நோய் தீரட்டும், பொறுத்துப் பொறுத்து உடம்பு இறுகிப் போன பிறகு அந்த உடம்பிடமே போய் இப்போது மாறு மாறு என்று கெஞ்சுகிறாள். அது எங்கே கேட்கும்? பயம் அவளுக்குச் சாவதில் இல்லை. பாதியில் சாவதில்தான். ஊர் கூடி வெயிலுமுத்து சாரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, சட்டை போட்டு, நெற்றியில் பட்டை அடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதற்குள் செண்பகம் என்று ஒரு காகிதத்திலாவது இருந்துவிட வேண்டும், அதற்காகத்தான் இந்த மனு. நாற்பத்தைந்து. பையின் ஜிப்பைத் திறந்து மனு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

நாற்பத்தாறு என்றதும் பேச்சியம்மாள் டீச்சர் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். விரலை வைத்தார், சிவப்பு விளக்கு. இன்னொரு விரல், சிவப்பு. கட்டைவிரல், சிவப்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் காட்டச் சொன்னார்கள், டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றார், சேரவில்லை, இமைக்காமப் பாருங்க டீச்சர், சேரவில்லை. "எம்மா, நான் பேச்சியம்மாம்மா. எம்பேரு, எம்புருசன் பேரு, எல்லாம் சொல்லுதேன் கேளு. உயிரோட நிக்கவள இல்லேங்குதே இந்தச் சவம்!" ஜன்னலுக்குள் இருந்த பெண் தலையைத் தூக்கி டீச்சரை உற்றுப் பார்த்தாள், நிதானமாக, முகத்தின் ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். அழாதீங்க டீச்சர், ஆதார்ல புதுசாப் படம் எடுத்துட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன், என்றாள். செண்பகம் அந்தப் பார்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான், அப்படியே ஒரு பார்வை, எனக்கும் ஒன்று. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார். இவள் அவருக்கு ஒரு ஆறுதல் கூடச் சொல்லாமல் எழுந்துவிட்டாள், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கால் முன்னே போய்விட்டது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். புருவத்தை நேற்றுத்தான் மெல்லிசாக எடுத்திருந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். மனுவை உருவிப் பையின் வாயருகில் வைத்துக்கொண்டாள், ஒரு இழுப்பில் வரும்படி.

"வாங்க சார், நல்லாயிருக்கீங்களா?" ஜன்னலுக்குள் இருந்த ஜெபராணிக்குக் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. அவளுடைய அப்பா செண்பகத்திடம் ஃபிட்டர் படித்தவர், அதனால் ஒரு தனி மரியாதை. "அப்பா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க சார். விரல வைங்க. உங்களுக்கு எப்படியும் விழாது, பேருக்கு ஒரு தடவ வச்சிட்டு முகத்துக்குப் போயிருவோம்." செண்பகம் ஆட்காட்டிவிரலை அந்தச் சின்னக் கண்ணாடியில் வைத்தாள், பேருக்குத்தான் வைத்தாள், அவள் எண்ணமெல்லாம் முகத்தில் இருந்தது, உதட்டை எப்படி வைத்துக்கொள்வது, தாடையைத் தூக்குவதா இறக்குவதா என்பதில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. "அட!" என்றாள் ஜெபராணி. "ஒரே தடவையில விழுந்துட்டுது சார்! போன வருஷம் எட்டு தடவ வச்சும் விழலியே." சந்தோஷம் தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். "கை பஞ்சு மாதிரி ஆயிட்டுதே சார்! முந்தியெல்லாம் அரம் மாதிரில்லா இருக்கும். வேலையெல்லாம் விட்டுட்டீங்களோ?" செண்பகம் விரலை இழுத்துக்கொண்டாள். முகம் எடுக்க வேண்டாமா என்று கேட்டாள். "விரல் விழுந்தா முகம் தேவையில்ல சார்." ஒரு தடவ எடுத்துப் பாரேம்மா. "எதுக்கு சார் வீணா சிரமம்? உங்கள எனக்குத் தெரியாதா?" பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. வெயிலுமுத்து, ஆண், உயிருடன் உள்ளார். ஜெபராணி அதில் முத்திரை குத்தி நீட்டினாள், நீட்டும்போதும் கண் அடுத்த ஆளின் டோக்கனில் இருந்தது. "வேற மனு கினு ஏதும் இருக்கா சார்?" பையின் வாயில் செண்பகத்தின் கை இருந்தது. காகிதத்தின் மடிப்பு விரலில் பட்டது, இதுவரை பட்டதை விடத் தெளிவாகப் பட்டது, அதன் ஒவ்வொரு கிழிசலும் தெரிந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்றாள், அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் கனத்த பழைய குரலில். "சரி சார், அடுத்த வருஷமும் இதே மாசந்தான். மறந்துராதீங்க." நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு யாரு? வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. படியில் நின்று கட்டைவிரலை ஆட்காட்டிவிரலின் மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மார்பைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், வாரா வாரம் வெர்னியர் வைத்துப் பார்த்தாள், இந்த விரலை மட்டும் ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. மெத்தென்று இருந்தது. பெண்பிள்ளை விரல்தான். இருபத்தாறு மாதத்தில் அவள் உடம்பு அவளுக்கென்று தந்தது இந்த ஒரு நூல். அதையும் வெயிலுமுத்து தன் ரேகையாக வைத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.